வாயிலும் தாடையிலும் வரும் தீங்கற்ற நரம்புக் கட்டிகள்: கண்ணில் பட்ட நாளிலிருந்து படிப்படியாக

வாய்க்குள் ஒரு சின்ன உருண்டை. வலி இல்லை. பல் மருத்துவர் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். சில நாள் கழித்து வரும் ரிப்போர்ட்டில் நீளமான ஒரு பெயர், பக்கத்திலேயே ‘நரம்புத் திசுவில் தோன்றிய தீங்கற்ற கட்டி’ என்ற விளக்கம். படிப்பவர்களுக்கு ‘தீங்கற்ற’ என்பது மனதில் பதிவதே இல்லை. ‘நரம்பு’ என்ற ஒரு சொல் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. வாய் கோணிவிடுமா, பேச்சு போய்விடுமா, மூளைக்கு ஏறிவிடுமா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன.

நான் அந்த ரிப்போர்ட்டை எழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். வாய்நோய்க் குறியியல் என் துறை. என் மேசைக்கு வருவது ஆள் அல்ல, ஸ்லைடில் ஒட்டிய ஒரு மெல்லிய சீவல். அதைப் பார்த்துக் கட்டிக்குப் பெயர் வைத்துவிட முடியும். அந்தப் பெயர் அந்த மனிதரின் வாழ்க்கையில் என்ன ஆகப்போகிறது என்பதைப் பல நேரங்களில் சீவல் சொல்லாது. ஏறக்குறைய ஒரே மாதிரியான சீவல் ஒருவருக்கு ‘எடுத்தாயிற்று, மறந்துவிடுங்கள்’ என்றும் இன்னொருவருக்கு ‘இன்றைக்கே தைராய்டைப் பாருங்கள்’ என்றும் பொருள்படலாம். வித்தியாசம் ஸ்லைடில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அதுதான்.

முதல் படி: பயப்படும் நரம்பு இதுதானா என்று பாருங்கள்

முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, தொடுவதையும் வலியையும் உணர்த்தும் நரம்பு வேறு. சிரிப்பது, கண்ணை மூடுவது எல்லாம் ஏழாவது மூளை நரம்பின் வேலை. நாக்கை அசைப்பது பன்னிரண்டாவது. பல், ஈறு, உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் முன்பகுதி ஆகியவற்றின் தொடுஉணர்வைச் சுமப்பது ஐந்தாவதான முக்கிளை நரம்பு. வாய்க்குள் தோன்றும் நரம்புக் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட உணர்வு நரம்புகளின் மெல்லிய நுனிக் கிளைகளில் வருபவை. ஆகவே ‘வாய் கோணிவிடுமா’ என்ற பயத்துக்கு இங்கே பொதுவாக இடமில்லை. உதட்டிலோ நாக்கிலோ ஒரு சின்ன இடம் மரத்துப்போகலாம் என்பதுதான் நிஜமான கவலை.

ஒரு நரம்பை உள்ளே கம்பியும் மேலே உறையும் உள்ள ஒயராக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி என்பது நரம்பிழை. அதைச் சுற்றிப் போர்த்தியிருப்பவை ஷ்வான் செல்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் தியோடர் ஷ்வானின் பெயர் அது. இழைகளைக் கட்டாகக் கட்டி வைத்திருப்பது இன்னொரு சவ்வு. நாம் பேசப்போகும் கட்டிகளில் பெரும்பாலானவை கம்பியிலிருந்து அல்ல, உறையிலிருந்து முளைப்பவை. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் பெயர்கள் குழப்பாது.

இடம் பற்றி ஒரு விஷயம். கீழ்த்தாடை எலும்புக்குள் நீளமான ஒரு கால்வாய் ஓடுகிறது. தாடையின் பின்பக்கம் உட்புறமாக நுழையும் நரம்பு, கடைவாய்ப் பற்களின் வேர்களுக்குக் கீழாகவே வந்து, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே ஒரு துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தருகிறது. எலும்புக்குள் இவ்வளவு தூரம் நரம்பு ஓடுவதால்தான், எலும்புக்குள் வரும் நரம்புக் கட்டிகள் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில், அதுவும் பின்பகுதியில், அதிகம் என்று விளக்கம் சொல்வார்கள்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் போகும் முன் எழுதி வையுங்கள்

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த பிறகு பாதி மறந்துவிடும்.

எப்போது முதலில் பார்த்தீர்கள்? அப்போது இருந்த அளவும் இப்போதைய அளவும் என்ன? அந்த இடத்தில் எப்போதாவது பல் பிடுங்கியது, கடித்துக்கொண்டது, விபத்து, அறுவை சிகிச்சை உண்டா? பத்து வருடத்துக்கு முந்தையதானாலும் எழுதுங்கள். அழுத்தினால் சுரீர் என்று மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறதா? பல்செட் போடும்போது மட்டும் வலியா? வாயில் வேறு எங்காவது இதே மாதிரி உண்டா? உடலில்? குடும்பத்தில் யாருக்காவது தோலில் நிறைய முடிச்சுகள், தைராய்டு புற்றுநோய், காரணம் தெரியாத உயர் ரத்த அழுத்தம்?

மரத்துப்போதலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நரம்புக் கட்டி என்றால் மரத்துப்போகும் என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. தீங்கற்ற நரம்புக் கட்டிகள் மெதுவாக வளர்வதால் நரம்பு தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது. உணர்வு சாதாரணமாகவே இருக்கும். காயமோ பல் சிகிச்சையோ எதுவும் இல்லாமல் கீழுதடும் முகவாயும் திடீரென மரத்துப்போனால், அது சாதாரண கட்டியைவிட மோசமான ஒன்றின் அடையாளமாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கவே கூடாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், சில வாரங்களிலேயே வேகமாகப் பெருக்கும் கட்டி, காரணமின்றி ஆடும் பல் ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

மூன்றாம் படி: படம் எப்போது தேவை

உதட்டிலோ நாக்கின் நுனியிலோ உள்ள கடலை அளவுக் கட்டிக்கு ஸ்கேன் ஒன்றும் தேவைப்படாது. கட்டி எலும்பின் மேல் அல்லது எலும்புக்குள் இருந்தால் முழுத்தாடை எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் நரம்புக் கால்வாய் ஓரிடத்தில் மட்டும் கதிர்போல உப்பியிருந்தால் நரம்புக் கட்டியை நினைக்க வேண்டும். ஓரம் தெளிவான கருநிழல், ஒற்றை அறையாகவோ பல அறைகளாகவோ தெரியலாம். பல் வேர்கள் நகர்ந்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், தாடையில் வரும் வேறு பல நீர்க்கட்டிகளும் பற்கட்டிகளும் இதே தோற்றம் காட்டும். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து யாரும் பெயர் சொல்லிவிட முடியாது. நாக்கின் அடிப்பகுதி, வாயின் தரை, கழுத்துவரை நீளும் கட்டி ஆகியவற்றுக்கு எம்ஆர்ஐ உதவும். எந்த நரம்பிலிருந்து கிளம்பியிருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று அறுவை நிபுணருக்கு அது வரைபடம் மாதிரி.

நான்காம் படி: பயாப்சி

சின்னக் கட்டியானால் முழுவதையும் எடுத்து அனுப்புவார்கள். பரிசோதனையும் சிகிச்சையும் ஒன்றாக முடிந்துவிடும். பெரிய கட்டி, முக்கியமான நரம்பை ஒட்டியது என்றால் முதலில் ஒரு துணுக்கு மட்டும் எடுப்பார்கள். எலும்புக்குள் உள்ளதைத் திறக்கும் முன் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது வழக்கம். ரத்தக்குழாய்க் கட்டியாக இருந்துவிட்டால் திறப்பது ஆபத்து.

இங்கே பல் மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் மனதார ஒரு வேண்டுகோள். துணுக்குடன் வரும் படிவத்தில் ‘உதட்டுக் கட்டி’ என்ற இரண்டே சொற்களோடு நிறுத்தாதீர்கள். வயது, துல்லியமான இடம், எத்தனை நாளாக, ஒன்றா பலவா, பழைய காயம் உண்டா, எடுக்கும்போது உறையோடு கழன்று வந்ததா, நரம்போடு ஒட்டியிருந்ததா என்று எழுதுங்கள். ‘நாக்கிலும் இன்னும் மூன்று உண்டு’ என்ற ஒரு வரி என் முடிவையே மாற்றிவிடும். நோயாளியாக இருப்பவர்கள், இரண்டாம் படியில் எழுதிய தாளின் நகலை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.

துணுக்கு எந்த ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். கன்னத்தின் உட்பகுதியில், தாடை எலும்பை ஒட்டி ஆழத்தில், நரம்போடு சேர்ந்த ஒரு சின்ன செல் கூட்டம் எல்லோருக்கும் உண்டு. கீவிட்ஸ் உறுப்பு என்று பெயர். நாக்கின் பின்பக்க ஓரத்தில் சுவை மொட்டுகளுக்கு அடியில் நரம்புப் பின்னல் ஒன்றும் இயற்கையாகவே இருக்கிறது. இரண்டும் நோயல்ல. இடம் தெரியாமல் பார்த்தால் முதலாவதைப் புற்றாகவும் இரண்டாவதை நரம்புக் கட்டியாகவும் நினைத்து ஏமாற வாய்ப்பு உண்டு.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டில் உள்ள பெயரைப் புரிந்துகொள்வது

*காய நியூரோமா.* இது நிஜத்தில் கட்டியே அல்ல, பழுதுபார்க்கும் முயற்சி ஒன்று முடிச்சாகிப்போனது. நரம்பு அறுபட்டால் மூளைப் பக்கமுள்ள துண்டு சும்மா இருக்காது. மறுமுனையைத் தேடிப் புதிய இழைகளை அனுப்பும். வழியில் தழும்பு குறுக்கே நின்றால் அந்த இழைகள் போக்கிடம் இல்லாமல் சுருண்டு, சிக்கெடுக்க முடியாத நூற்கண்டுபோல் ஆகிவிடும். முகவாய் நரம்பு வெளியே வரும் இடம், நாக்கு, கீழுதடு ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். வலிதான் இதன் அடையாளம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், வாயில் வருவனவற்றில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் வலிக்கின்றன.

பல் இல்லாதவர்களுக்கு இதில் ஒரு தனித் துன்பம் உண்டு. பற்கள் போனபின் தாடை எலும்பு ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, முன்பு பக்கவாட்டில் இருந்த நரம்புத் துளை மேட்டின் உச்சிக்கே வந்துவிடும். அதன் மேல் பல்செட் அமரும்போதெல்லாம் அடி விழும். பல்செட் சரியில்லை என்று மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருப்பவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் அடியில் உள்ள இந்த முடிச்சு. அங்கே விரல் வைத்து அழுத்திப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

*வேலியமைப்புள்ள உறைசூழ் நியூரோமா.* பெயர் பெரிது, விஷயம் சின்னது. 1972இல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் முகத் தோலில் வரும். வாயில் வந்தால் கடின அண்ணத்தில் அதிகம். நடுவயதும் அதற்கு மேலும். வலியில்லாத, வழவழப்பான சிறு மேடு. எடுத்தால் போயிற்று.

*ஷ்வானோமா.* ஷ்வான் செல்கள் மட்டும் பெருகி, உறை போட்டுக்கொண்டு, நரம்பின் ஒரு பக்கமாக ஒட்டி வளர்வது. நரம்பை ஊடுருவாது, தள்ளிவிடும். கொடியின் தண்டில் ஒட்டிக் காய்த்த காயைப்போல. உடலில் வரும் ஷ்வானோமாக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் தலை, கழுத்துப் பகுதியில்தான். வாய்க்குள் நாக்கு முதலிடம். நுண்ணோக்கியில் இரண்டு வகைப் பகுதிகள் தெரியும். நெருக்கமாக, செல்களின் கருக்கள் வேலிக்கால் நட்டதுபோல் வரிசைகட்டி நிற்பது அன்டோனி ஏ. தளர்ந்து சிதறிக் கிடப்பது அன்டோனி பி. இரண்டு வேலி வரிசைகளும் நடுவில் உள்ள கருக்களில்லாத இடமும் சேர்ந்த அமைப்புக்கு வெரோகே பாடி என்று பெயர். 1910இல் வெரோகே விவரித்தது. என் வேலையில் இவ்வளவு அழகான ஒழுங்கு வேறு எங்கும் காண்பது அரிது. ரிப்போர்ட்டில் ‘பழமையான ஷ்வானோமா’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நெடுநாள் இருந்ததால் செல்கள் முதுமையடைந்து கரடுமுரடாகத் தெரிகின்றன என்று மட்டும் அர்த்தம், புற்று என்று அல்ல.

*நியூரோஃபைப்ரோமா.* இதில் ஷ்வான் செல்களோடு நார் செல்கள் முதலிய மற்றவையும் கலந்து, நரம்பின் இழைகளுக்கு ஊடாகவே வளரும். கயிற்றின் புரிகளுக்கு இடையில் பஞ்சைத் திணித்தால் கயிறே தடித்துவிடும் அல்லவா, அப்படி. அதனால்தான் நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் பிரித்தெடுப்பது கஷ்டம். மென்மையாக இருக்கும், நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அதிகம். தனியாக ஒன்று மட்டும் வருவதே மிகுதி. அப்படியிருந்தாலும் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டால் ஆறாம் படியைத் தவிர்க்கவே கூடாது. ‘பின்னல் வகை’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால் இன்னும் கட்டாயம். தொட்டால் பைக்குள் புழுக்கள் நெளிவதுபோல் இருக்கும் இந்த வகை, நியூரோஃபைப்ரோமாடோசிஸ் ஒன்றாம் வகைக்கே உரியதாகக் கருதப்படுகிறது.

*மணிச்செல் கட்டி.* செல்களுக்குள் பொடி மணிகள் நிறைந்திருப்பதால் இந்தப் பெயர். நாக்கின் மேற்பரப்பில், லேசான மஞ்சள் சாயலோடு, கெட்டியான மேடு. பெண்களிடம் ஆண்களைவிடச் சுமார் இரு மடங்கு. 1926இல் அப்ரிகோசோஃப் இதைத் தசையிலிருந்து வருவதாக நினைத்தார். ஷ்வான் செல் வழியில் வந்தது என்று பிறகு தெரிந்தது. இதைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. சுமார் பாதிக் கேஸ்களில், கட்டியின் மேலுள்ள தோல்படலம் எதிர்வினையாகத் தடித்து, வேர்போல் கீழே இறங்கும். துணுக்கு மிக மேலாக எடுக்கப்பட்டிருந்தால் கீழே உள்ள மணிச்செல்கள் தெரியாமல், அது நாக்குப் புற்றுநோய் போலவே தோன்றிவிடும். நாக்கின் மேற்பரப்பின் நடுப்பகுதி புற்றுநோய் அபூர்வமாக வரும் இடம். அந்த இடத்துக்குப் புற்று என்று ரிப்போர்ட் வந்தால், பெரிய அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் ஸ்லைடை இன்னொரு வாய்நோய்க் குறியியல் நிபுணரிடம் காட்டக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. எந்த நல்ல மருத்துவரும் கோபிக்க மாட்டார்.

*சளிச்சவ்வு நியூரோமா.* இதை அடுத்த படிக்கு வைத்துக்கொள்கிறேன்.

*கைக்குழந்தைகளுக்கு வருபவை.* இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறக்கும்போதே ஈறின் மேல் தொங்கும் இளஞ்சிவப்பு உருண்டை, பிறவி எபுலிஸ். பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பெண் குழந்தைகள். நுண்ணோக்கியில் மணிச்செல் கட்டி மாதிரியே தெரியும், ஆனால் நரம்புக்குரிய எஸ்-100 சாயம் ஏறாது. அதாவது நரம்புக் கட்டியே அல்ல. எடுத்தால் திரும்பாது, சில சமயம் தானாகவே சுருங்கும். மற்றது, முதல் வயதுக்குள் மேல்தாடையின் முன்பக்கம் நீலக்கறுப்பாக வேகமாக வளரும் நிறமிக் கட்டி. கருவில் நரம்புகளையும் நிறமிச் செல்களையும் உருவாக்கும் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து வருவது. பொதுவாகத் தீங்கற்றதுதான் என்றாலும் வேகம் பயமுறுத்தும். நீக்கிய பிறகும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு திரும்ப வருகிறது, அபூர்வமாகப் புற்றாகவும் நடந்துகொள்ளும். இதற்கு நாள் கடத்தக் கூடாது.

எஸ்-100 என்ற பெயர் ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் என்பதால் ஒரு சொல்: ஷ்வான் செல்களைப் பழுப்பு நிறமாகக் காட்டும் ஒரு சாயச் சோதனை அது. ‘பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்தால் நோய்த்தொற்று என்றோ புற்று என்றோ பொருள் இல்லை. நரம்பு வழி வந்த திசு என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆறாம் படி: ஒன்றா, பலவா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

ரிப்போர்ட் எந்த நரம்புக் கட்டியைச் சொன்னாலும், நல்ல வெளிச்சத்தில் வாய் முழுவதையும் பாருங்கள், அப்புறம் உடலைப் பாருங்கள். இரண்டு உதடுகளின் உட்புறம், வாயின் இரு மூலைகள், நாக்கின் நுனியும் ஓரங்களும், கண் இமை விளிம்பு. பிறகு தோல்.

தோலில் பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருக்கின்றனவா? பருவமடையாத குழந்தைக்கு ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல், பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ, வெயில் படாத இடத்தில், பொடிப்பொடியான புள்ளிகள் உண்டா? தோலில் மென்மையான முடிச்சுகள்? பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இவை உண்டா? இருந்தால் நியூரோஃபைப்ரோமாடோசிஸ் ஒன்றாம் வகையைச் சந்தேகிக்க வேண்டும். 1882இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் விவரித்த நோய். சுமார் 3,000 பிறப்புகளுக்கு ஒன்று. 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுப் பிழை காரணம். நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே அது இருக்காது. பிழை அவர்களிடமே புதிதாகத் தொடங்கியிருக்கும். ஆகவே ‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே’ என்பது விலக்கல்ல. வாயில் இதன் அடையாளங்கள் கட்டிகள் மட்டுமல்ல. நாக்கின் மேலுள்ள சிறு மொட்டுகள் பெருத்திருக்கலாம், எக்ஸ்ரேயில் தாடை நரம்புக் கால்வாயும் அதன் வாயிலும் அகன்று தெரியலாம்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு நரம்பு உறையில் புற்று வரும் வாய்ப்பு வாழ்நாளில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு. நெடுநாள் சும்மா இருந்த முடிச்சு திடீரென வளர்வது, மென்மையாக இருந்தது கெட்டியாவது, இரவில் எழுப்பும் வலி, புதிதாக மரத்துப்போவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலே உடனே காட்ட வேண்டும். கண் பரிசோதனையும் வருடாந்திர ரத்த அழுத்தப் பரிசோதனையும் வழக்கமாக இருக்கட்டும்.

இப்போது சளிச்சவ்வு நியூரோமா. குழந்தையாக இருக்கும்போதே நாக்கின் முன்பகுதியில் சின்னச் சின்ன மணிகள், வாயின் இரு மூலைகளிலும் ஒவ்வொன்று, தடித்து முன்துருத்திய உதடுகள், இமை விளிம்பில் முடிச்சுகள். ஆள் ஒல்லியாக, நீண்ட கைகால்களோடு. கைக்குழந்தையாக இருந்தபோது அழுதால் கண்ணீர் வராது, விடாத மலச்சிக்கல் என்று பெற்றோர் சொல்லலாம். இவை மென் 2பி என்ற மரபணு நோயின் முகம். ரெட் மரபணுவில் உள்ள பிழை இது. பெரும்பாலானவர்களுக்கு அந்த மரபணுவில் ஒரே ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் பிழை. நோய் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் வருகிறது, அதுவும் மிகச் சிறிய வயதில். மரபணுச் சோதனையில் அந்த அதிக ஆபத்துள்ள பிழை உறுதியானால், பிறந்த முதல் வருடத்துக்குள்ளேயே தைராய்டை எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். தைராய்டு புற்று கழுத்தில் தெரியத் தொடங்கும்போது பரவியிருக்கலாம். நாக்கில் உள்ள மணிகளோ அதற்குப் பல வருடம் முன்பே, வாயைத் திறக்கும் எவருக்கும் தெரியும்படி இருக்கின்றன. சொத்தைப் பல்லுக்காக வந்த குழந்தையின் நாக்கை ஒரு பல் மருத்துவர் நிதானமாகப் பார்ப்பது ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய செயல். ஸ்லைடிலோ இது காய நியூரோமாவைப் போலவோ, 1972இல் விவரிக்கப்பட்ட அந்த வேலியமைப்பு நியூரோமாவைப் போலவோ தோன்றலாம். நரம்புக் கட்டைச் சுற்றிய சவ்வு தடித்திருப்பது ஒரு துப்பு தரும், அவ்வளவுதான். ‘பல இடங்களில், குழந்தை’ என்று படிவத்தில் எழுதியிருந்தால் மட்டுமே நான் தொலைபேசியை எடுப்பேன்.

அப்படிச் சந்தேகம் வந்தால் வாயில் கத்தி வைப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஹார்மோன் நிபுணரிடம் அனுப்புங்கள். இதற்கும் காரணம் உண்டு. இவர்களில் பாதிப் பேருக்காவது அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வருகிறது. அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு எகிறலாம்.

ஷ்வானோமா பல இடங்களில் இருந்தாலோ, கூடவே இரு காதுகளிலும் இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் இருந்தாலோ, 22ஆம் குரோமோசோமோடு தொடர்புடைய நியூரோஃபைப்ரோமாடோசிஸ் இரண்டாம் வகையை நினைக்க வேண்டும். ஒற்றை ஷ்வானோமாவுக்கு இந்தக் கவலை பொதுவாக வேண்டாம்.

சரி, தேடிப் பார்த்து ஒன்றுமில்லை, ஒரே ஒரு கட்டிதான் என்றால்? பெரும்பாலானோர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

ஏழாம் படி: சிகிச்சை

ஷ்வானோமாவுக்கு, நரம்பு ஓடும் திசையிலேயே உறையைக் கீறிக் கட்டியைத் தோலுரித்தாற்போல் வெளியே எடுப்பார்கள். நரம்பு பெரும்பாலும் தப்பும். முழுதாக எடுத்தால் திரும்ப வருவது அரிது. தனி நியூரோஃபைப்ரோமாவை எடுப்பதும் எளிதே, ஆனால் அது சின்ன நரம்புக் கிளையாக இருந்தால் அந்தக் கிளையும் போகும். பின்னல் வகையில் கதை வேறு. எல்லை தெரியாது, ரத்தப்போக்கு அதிகம், முழுவதும் எடுக்க முயன்றால் நல்ல திசுவும் சேர்ந்து போகும். பேச்சு, விழுங்குதல், முகத்தோற்றம் பாதிக்கும் அளவுக்கு மட்டும் குறைப்பதே அங்கே வழக்கம். அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத பின்னல் கட்டி உள்ள குழந்தைகளுக்கு செலுமெடினிப் என்ற மாத்திரை 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலருக்குக் கட்டியைச் சுருக்குகிறது. கத்தியைத் தவிர வழியே இல்லாதிருந்த ஒரு நோயில் இது பெரிய மாற்றம்.

காய நியூரோமாவை எடுக்கும்போது அது முளைத்த நரம்பின் சிறு துண்டையும் சேர்த்து எடுப்பார்கள். பெரும்பாலும் திரும்பாது, ஒரு சிலருக்கு வலி மீண்டும் வருவதுண்டு. அதை முன்கூட்டியே மருத்துவரோடு பேசிவிடுங்கள். மணிச்செல் கட்டிக்கு உறை கிடையாது என்பதால் கொஞ்சம் ஓரம் சேர்த்து எடுப்பார்கள்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை: எந்த நரம்பு பக்கத்தில் உள்ளது? எந்த இடம் மரத்துப்போகலாம்? தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா? எடுக்காமல் கண்காணித்தால் என்ன ஆகும்? பயாப்சி உறுதிசெய்த, தொந்தரவு தராத சில கட்டிகளுக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் நியாயமானது.

எட்டாம் படி: பிறகு

முதல் சில நாள் மரத்த இடத்தில் கவனம் தேவை. உணர்வில்லாத உதட்டைக் கடித்துக்கொள்வதும் சூட்டில் பொத்துக்கொள்வதும் சாதாரணமாக நடக்கும். நரம்பு திரும்ப வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கடைவாய்ப் பக்கத்தில் அடிபட்ட நரம்பு உதடுவரை வந்து சேர மாதங்கள் ஆவது இதனால்தான். எறும்பு ஊர்வதுபோல், ஊசி குத்துவதுபோல் தோன்றினால் பெரும்பாலும் அது நரம்பு விழித்துக்கொள்ளும் அறிகுறி. மூன்று மாதம் ஆகியும் துளி மாற்றமும் இல்லை, அல்லது லேசாகத் தொட்டாலே எரியும் வலி வருகிறது என்றால் நரம்பு அறுவையில் அனுபவமுள்ள முகத்தாடை நிபுணரிடம் போங்கள். தாமதித்தால் சரிசெய்யும் வாய்ப்பு குறையும்.

ஒற்றைக் கட்டி எடுத்தவர்களுக்கு வழக்கமான பல் பரிசோதனையின்போது அந்த இடத்தையும் காட்டிவிட்டால் போதும். மரபணு நோய் உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு உண்டு. குழந்தைகள் திட்டமிடும் முன் மரபணு ஆலோசனையும் நல்லது. மேலே சொன்ன மூன்று நோய்களிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி கடத்தப்படும் வாய்ப்பு இருக்கிறது.

கடைசியாக, ரிப்போர்ட்டின் மூலப்பிரதியையும் அதிலுள்ள பரிசோதனை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கட்டியின் மிச்சம் மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் வைக்கப்பட்டிருக்கும். பல வருடம் கழித்து இன்னொரு கட்டி வந்தாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு இதே நோய் தெரிந்தாலோ, அந்த எண்ணைக் கொண்டு அதே மெழுகிலிருந்து புதுச் சீவல் எடுத்துப் பார்க்க முடியும்.